பிராக் நகரின் கம்யூனிஸ்ட் மேயர்கள்: பதவியும் அதன் எல்லையும்

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் செக் நகரம் ஒன்றின் மேயராக இருந்தவர் எப்படி அந்தப் பதவிக்கு வந்தார், அங்கே என்ன செய்தார், அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்ததா என்பது கேள்வி. பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் அன்றாட நிர்வாகம் அவர் கையில் இருந்தது. நகரத்தின் போக்கைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், அவர் வெறும் பொம்மையாகத் தெரிவார், அல்லது எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு என்றாகிவிடும். இரண்டுமே உண்மையல்ல. சான்றுகள் அதிகம் கிடைப்பது பிராக் நகரத்துக்குத்தான் என்பதால் அதன் மேயர்களையே எடுத்துக்கொள்கிறேன்.

1945 ஏப்ரலில் கொஷித்சே நகரில் அறிவிக்கப்பட்ட அரசுத் திட்டம், போருக்கு முந்தைய உள்ளாட்சி அமைப்பை அப்படியே திரும்பக் கொண்டுவரவில்லை. கிராமம் முதல் மாகாணம் வரை எல்லா நிலைகளிலும் ‘தேசியக் குழுக்கள்’ என்ற புதிய அமைப்புகளை அது நிறுவியது. மக்களின் பிரதிநிதித்துவ மன்றமும் அரசின் நிர்வாகக் கரமும் ஒரே அமைப்புக்குள் அடங்கின. சிறு நகரங்களில் மேயர் என்பவர் உள்ளூர் தேசியக் குழுவின் தலைவராக ஆனார். பிராக் மட்டும் தன் மேயருக்கு ‘பிரிமாட்டோர்’ என்ற பழைய பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

போருக்குப் பிறகு 1945-46இல் அந்தப் பதவியில் இருந்த பெட்ர் ஜென்கல் கம்யூனிஸ்ட் அல்லர். அவர் செக் தேசிய சோஷலிஸ்ட் கட்சிக்காரர். பெயர் ஒத்திருந்தாலும் ஜெர்மன் நாஜிக் கட்சிக்கும் இக்கட்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாஜி ஜெர்மனியின் ஆக்கிரமிப்புக்கு முன்பும் மேயராக இருந்த அவர், போர்க் காலத்தை புகென்வால்ட் வதைமுகாமில் கழித்துத் திரும்பியவர். 1946 மே மாதத் தேர்தலில் நாடு முழுவதிலும் 38 விழுக்காடு வாக்குகள் பெற்று கம்யூனிஸ்ட் கட்சி முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டு ஜென்கல் துணைப் பிரதமராக, பிராக் மேயர் பதவி கம்யூனிஸ்டான வாட்ஸ்லாவ் வாட்செக்கிடம் வந்தது. இந்தக் கட்டம் பலருக்கும் வியப்பளிக்கும்: கம்யூனிஸ்ட் கட்சி பிராக் நகர மன்றத்தின் தலைமைக்கு முதலில் வந்தது பல கட்சிகள் போட்டியிட்ட தேர்தலின் வழியாகத்தான். சோவியத் படை நகரை விடுவித்த நினைவும், 1938 மியூனிக் உடன்படிக்கையில் நாட்டின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்து மேற்கு நாடுகள் கைவிட்ட கசப்பும் அந்த வாக்குகளுக்குப் பின்னால் இருந்தன.

வாட்செக் 1877இல் பிறந்தவர், சட்டம் படித்தவர். சமூக ஜனநாயக இயக்கத்திலிருந்து 1921இல் கம்யூனிஸ்ட் கட்சி பிரிந்து உருவான காலத்துத் தலைமுறையைச் சேர்ந்தவர். மேயரானபோது வயது 70ஐ நெருங்கியிருந்தது. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி முழு அதிகாரத்தையும் கைப்பற்றியபோது பதவியில் இருந்தவர் அவர்தான். கம்யூனிஸ்ட் கட்சி வழிநடத்திய கூட்டணியான தேசிய முன்னணியின் ‘செயற்குழுக்கள்’ தொழிற்சாலை, பல்கலைக்கழகம், நகர மன்றம் என ஒவ்வோர் இடத்திலும் முளைத்து, ஒத்துவராதவர்களை வெளியேற்றின. அதே ஆண்டில் ஜென்கல் நாட்டைவிட்டு வெளியேறினார். பின்னர் அமெரிக்காவில் இருந்தபடி புலம்பெயர்ந்தோரின் அரசியலை நடத்தினார்.

அந்தக் காலத்து நகர மன்றத்தைப் பற்றிப் பேசும்போது மிலாதா ஹொராகோவாவைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. சட்டம் படித்த அவர் 1927 முதல் பிராக் நகராட்சியின் சமூகநலத் துறையில் பணியாற்றியவர். நாஜிச் சிறைகளிலிருந்து உயிரோடு மீண்டவர். புனையப்பட்ட குற்றச்சாட்டுகளின் பேரில், வானொலியில் ஒலிபரப்பான காட்சி விசாரணைக்குப் பிறகு, 1950 ஜூன் 27 அன்று பான்க்ராட்ஸ் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்குக் கடுந்தண்டனை கோரி நாடெங்கும் பணியிடங்களில் தீர்மானங்கள் நிறைவேற்றி அனுப்பவைக்கப்பட்டன. இந்தக் கொலையைத் தீர்மானித்தவர் மேயர் அல்லர். ஆனால் தன் முன்னாள் ஊழியர் ஒருவர் தன் எல்லைக்குள்ளேயே கொல்லப்பட்டபோது, அதைத் தடுக்க வழியேதும் இல்லாத நகரமாக பிராக் மாறியிருந்தது. இந்தப் பின்னணி இல்லாமல் அடுத்து வரும் கட்டுமானச் சாதனைகளை மட்டும் பட்டியலிடுவது நேர்மையாகாது.

மக்களின் கோபத்தை நேரில் எதிர்கொண்டவையும் நகர மன்றங்கள்தாம். 1953 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த நாணயச் சீர்திருத்தத்தில், ஒருவர் கையிலிருந்த ரொக்கத்தில் 300 கிரீடம் (நாட்டின் நாணயம்) வரைதான் 5க்கு 1 என்று மாற்றப்பட்டது; அதற்கு மேற்பட்டதெல்லாம் 50க்கு 1. வாழ்நாள் சேமிப்பு ஒரே நாளில் கரைந்தது. பில்சன் நகரின் ஸ்கோடா தொழிலாளர்கள் தெருவில் இறங்கி நகர மன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். ஸ்டாலின், நாட்டின் முதல் கம்யூனிஸ்ட் அதிபர் கோட்வால்ட் ஆகியோரின் உருவங்கள் சன்னல் வழியே தெருவில் வந்து விழுந்தன. முடிவெடுத்த தலைமை பிராக்கில் இருந்தது. தொழிலாளர்களின் கைக்கு எட்டியது உள்ளூர் நகர மன்றம்.

1954இல் வாட்செக் விலக, அடால்ஃப் ஸ்வோபோதா வந்தார். தேசியக் குழுக்களுக்கான தேர்தல்கள் அந்த ஆண்டில்தான் நடந்தன. தேசிய முன்னணியின் ஒரே பட்டியல், ஒரே வேட்பாளர், ஏறத்தாழ நூறு விழுக்காடு ஆதரவு என்பதே அந்தத் தேர்தல்களின் வடிவம். யார் மேயர் என்பதைக் கட்சியின் உயர்மட்டம் முன்கூட்டியே முடிவுசெய்தது; மன்றம் கைதூக்கி ஏற்றது. முக்கியப் பதவிகளுக்கெல்லாம் கட்சியின் எந்த மட்டம் ஒப்புதல் தர வேண்டும் என்று வகுத்த பட்டியல் ஒன்று இருந்தது. தலைநகரின் மேயர் அதில் மேல்வரிசையில் இருந்தார்.

ஸ்வோபோதாவின் பத்தாண்டுக்கு அடையாளமாக ஒரு சிலையைச் சொல்லலாம். 1955 மே 1 அன்று, வில்டாவா ஆற்றைப் பார்த்தபடி லெட்னா மேட்டில் ஸ்டாலின் சிற்பத் தொகுதி திறந்துவைக்கப்பட்டது. 15.5 மீட்டர் உயரமும் 22 மீட்டர் நீளமும் கொண்ட கருங்கல் உருவங்கள். ஸ்டாலினுக்குப் பின்னால் தொழிலாளி, விவசாயி, விஞ்ஞானி, சிப்பாய் என இருபுறமும் வரிசை. பிராக் மக்கள் அதற்கு ‘இறைச்சிக்கான வரிசை’ என்று பெயர் வைத்தார்கள். சிற்பி ஒத்தகார் ஷ்வெத்ஸ் திறப்புவிழாவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று முன்னர் தற்கொலை செய்துகொண்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1962 நவம்பரில், மாஸ்கோவே ஸ்டாலினைக் கண்டித்துக் காற்று மாறிய பிறகு, அதே மேயரின் காலத்தில் அதே சிலை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எழுப்பியதும் இடித்ததும் நகரத்தின் விருப்பத்தால் அல்ல. பொதுவெளியில் எது நிற்க வேண்டும் என்பதில் பிராக் மேயருக்கு எவ்வளவு சொந்தக் குரல் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை.

அப்படியானால் மேயரும் அவருடைய தேசியக் குழுவும் செய்த வேலைதான் என்ன? மிக நிறைய. வீட்டு ஒதுக்கீடு, கடைகள், பள்ளிகள், சாலைப் பராமரிப்பு, பிறப்பு இறப்புப் பதிவு, வணிக உரிமங்கள் எல்லாம் அங்கேதான். 1950 முதல் சட்டப்படி செல்லும் திருமணம் தேசியக் குழுவின் முன் நடக்கும் திருமணம் மட்டுமே. கழுத்தில் சங்கிலி அணிந்த நகரப் பிரதிநிதி மணமக்களை வரவேற்றார். பிறந்த குழந்தைகளைப் பெற்றோருடன் அழைத்து நகரின் குடிமக்களாக வரவேற்கும் சடங்கும் தேவாலயத்தின் இடத்தைப் பிடிக்கவே வளர்க்கப்பட்டது. சிறு நகரங்களின் மேயர்களுக்கு ‘இசட் நடவடிக்கை’ என்ற கருவி இருந்தது: சனி ஞாயிறுகளில் ஊர்மக்கள் கூலியின்றி உழைத்து மழலையர் பள்ளியோ கடையோ நடைபாதையோ கட்டுவார்கள்; பொருளை அரசு தரும். தன்னார்வம் என்று சொல்லப்பட்டாலும், வராதவர் பெயர் கவனிக்கப்பட்டது என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். ஆனாலும் பல ஊர்களில் இன்று பயன்பாட்டில் இருக்கும் கட்டடங்கள் அப்படி எழுந்தவையே. சிமெண்டையும் செங்கல்லையும் மாவட்டத் தலைமையிடம் எப்படியாவது பேசிப் பெற்றுவரத் தெரிந்தவரே ஊராரின் பார்வையில் நல்ல மேயர்.

வீடுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். 1964இல் நிர்ணயிக்கப்பட்ட வாடகை அதற்குப் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு நகரவே இல்லை. குடியிருப்போருக்கு அது நிம்மதியாக இருந்தது. கட்டடங்களை அது மெல்ல அழித்தது. பழைய வீடுகளை நிர்வகித்த வட்டார வீட்டு நிறுவனங்களுக்குக் கூரை மாற்றக்கூட வருவாய் போதவில்லை. 1980களின் பிராக்கில் நடைபாதைகளின் மேல் மரப்பலகைக் கூரை போட்டிருந்தார்கள். சுவர்ப் பூச்சு பெயர்ந்து தலையில் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. 1971இல் வரலாற்று மையம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டதும் உண்மை, அந்த மையத்தின் பின்தெருக்கள் சிதைந்துகொண்டிருந்ததும் உண்மை.

1964இல் லுத்விக் செர்னி மேயரானார். நகரின் டிராம்கள் கூட்டம் தாங்காமல் திணறிய காலம் அது. 1966 ஜனவரியில் தொடங்கிய வேலை, டிராமையே மையப் பகுதியில் நிலத்தடியில் ஓடவிடும் திட்டம்தான். 1967 ஆகஸ்ட் 9 அன்று அரசு அதை முழுமையான சுரங்க ரயிலாக மாற்ற முடிவெடுத்தது. தோண்டத் தொடங்கிய பிறகு இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்வது எளிதல்ல. ஆனால் அதுவே சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. இன்று பிராக்கில் சுரங்க ரயில் இல்லாத நாளைக் கற்பனை செய்துபார்த்தால் அது புரியும்.

செர்னியின் காலத்தை வரலாறு நினைப்பது சுரங்கத்துக்காக அல்ல. கட்சித் தலைவர் டுப்செக் தொடங்கிய சீர்திருத்தங்களை நிறுத்த, 1968 ஆகஸ்ட் 20-21 இரவில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. தெருப்பெயர்ப் பலகைகளையும் வழிகாட்டிகளையும் மக்கள் கழற்றி, படையினருக்கு வழி தெரியாமல் செய்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று வைசொச்சானி பகுதியின் சிகேடி இயந்திரத் தொழிற்சாலையில், டாங்கிகள் சூழ்ந்த நகரில், கம்யூனிஸ்ட் கட்சியின் அவசர மாநாடு ரகசியமாகக் கூடியது. அதைக் கூட்டியது பிராக் நகரக் கட்சிக் குழு. அதன் தலைவர் போஹுமில் ஷிமோன் அப்போது டுப்செக்குடன் சேர்த்துப் பிடிக்கப்பட்டு சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார். பிடிக்கப்பட்டவர் நகர மேயர் அல்லர், நகரக் கட்சிக் குழுத் தலைவர் என்பதைக் கவனியுங்கள். அதிகாரம் எங்கே இருந்தது என்பதைப் படையெடுத்து வந்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

1969 ஜனவரி 16 அன்று வென்ஸெஸ்லாஸ் சதுக்கத்தில் யான் பலாஃக் என்ற மாணவர் படையெடுப்புக்குப் பின் வந்த நிலையை எதிர்த்துத் தன் உடலுக்குத் தீயிட்டுக்கொண்டார். ஜனவரி 25 அன்று அவருடைய இறுதி ஊர்வலத்தில் நகரமே திரண்டது. அதன் பிறகு ‘இயல்புநிலை மீட்பு’ என்று அழைக்கப்பட்ட காலம் தொடங்கியது. கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் குழுவின் முன் அமர்ந்து, படையெடுப்பைச் சகோதர உதவி என்று ஏற்கிறாரா எனப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். பொறியாளர்கள் கொதிகலன்களுக்கு நிலக்கரி அள்ளினார்கள், பேராசிரியர்கள் சன்னல் துடைத்தார்கள். 1970இல் செர்னியின் இடத்துக்கு ஸ்தெனெக் ஸூஸ்கா வந்தார்.

கண்ணில் படும் அளவுக்கு நகரத்தை மாற்றிய மேயர் யார் என்று கேட்டால், ஸூஸ்காவின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். 1981 வரை அவர் பதவியில் இருந்தார். 1973 பிப்ரவரியில் நூஸ்லே பள்ளத்தாக்கின் மேல் 485 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. மேலே மோட்டார் வாகனங்கள், பாலத்தின் உட்குழியில் சுரங்க ரயில். அதன் வலிமையைச் சோதிக்க 66 டாங்கிகளை அதன்மேல் நிறுத்தினார்கள். ரயில் பெட்டிகளின் கதை அக்கால அரசியலை அப்படியே காட்டும். பிராக்கின் டாட்ரா தொழிற்சாலை உள்நாட்டிலேயே பெட்டி வடிவமைத்து மாதிரியும் செய்திருந்தது. அதைக் கைவிட்டு, சோவியத் மிதிஷ்சி தொழிற்சாலையின் மிகக் கனமான பெட்டிகளை வாங்க முடிவாயிற்று. பாரத்தைத் தாங்கப் பாலத்தை உள்ளே வலுப்படுத்த வேண்டியதாயிற்று. தொழில்நுட்பக் காரணம் இதில் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது என்றே கருதுகிறேன்.

1974 மே 9 அன்று முதல் தடம் ஓடத் தொடங்கியது: இன்று ஃப்ளோரென்ட்ஸ் எனப்படும் நிலையத்திலிருந்து காச்செரோவ் வரை 6.6 கிலோமீட்டர், 9 நிலையங்கள். 1978 ஆகஸ்டில் அடுத்த தடம் ஆற்றுக்கு அடியில் சென்றது. 1974இலேயே 30 சுற்றுப்புற ஊர்கள் இணைக்கப்பட்டு நகரின் பரப்பு ஏறத்தாழ இன்றுள்ள 496 சதுர கிலோமீட்டரை எட்டியது. தென்கிழக்கு விளிம்பில் 1971இல் கட்டத் தொடங்கிய ‘தெற்கு நகரம்’ கான்கிரீட் பலகைகளைப் பொருத்தி எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்பு. மின்தூக்கி வேலைசெய்வதற்கு முன்பே, கடையும் நடைபாதையும் வருவதற்கு முன்பே, சேற்றில் நடந்து குடும்பங்கள் குடியேறின. நெருக்கடியான அறையில் பெற்றோருடன் பத்தாண்டு காத்திருந்த தம்பதிக்கு வெந்நீரும் குளியலறையும் உள்ள சொந்த வீடு கிடைப்பது எத்தகைய மகிழ்ச்சி என்பதை, அந்தக் கட்டடங்களை அழகற்றவை என்று இகழ்பவர்கள் மறக்கக் கூடாது.

அந்தக் காலத்தின் மிகப் பெரிய பணி மக்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பிராக்கின் குடிநீருக்காக ஜெலிவ்கா ஆற்றின் குறுக்கே ஷ்விஹோவ் அணை கட்டப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியே தண்ணீர் தலைநகரை அடைகிறது. 1972இல் அந்த நீர் நகருக்கு வரத் தொடங்கியது. அணை நீரில் பல ஊர்கள் மூழ்கின என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே.

கேடுகளும் அதே அளவுக்குக் கண்கூடானவை. வடக்கு தெற்காக நகரை ஊடுருவும் பெருஞ்சாலை, தேசிய அருங்காட்சியகத்தையும் முதன்மை ரயில் நிலையத்தையும் வென்ஸெஸ்லாஸ் சதுக்கத்தின் பகுதியிலிருந்து வெட்டிப் பிரித்தது. அந்தச் சாலையின் பெயரால் டெஷ்னோவ் ரயில் நிலையத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் 1985 மார்ச்சில் தகர்க்கப்பட்டது. அப்போது மேயர் ஃப்ரான்டிஷெக் ஷ்டாஃபா. தொழிலாளர் வர்க்கத்தின் கோட்டையாகப் புகழ்பெற்ற ஜிஷ்கோவ் பகுதியைத் தெருத்தெருவாக இடித்துப் புதுக் கான்கிரீட் வரிசைகளால் நிரப்பும் திட்டமும் இருந்தது. சில தொகுதிகள் உண்மையிலேயே போயின. மீதியைக் காப்பாற்றியது ஆட்சியின் வீழ்ச்சி. இந்த முடிவுகளுக்கு எதிராகக் குடிமக்கள் ஒன்றுகூட, பத்திரிகையில் எழுத, அடுத்த தேர்தலில் மாற்றி வாக்களிக்க வழியே இருக்கவில்லை. சாலைக்காக நகரங்களை வெட்டிய தவறை அதே ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பிய நகரங்களும் செய்தன. அங்கே பல இடங்களில் மக்கள் எதிர்ப்பு அதைப் பாதியில் நிறுத்தியது. பிராக்கின் பெருங்குறை திட்டமிட்டவர்களின் அறிவில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களைத் தடுத்து நிறுத்தக் கூடியவர் யாரும் இல்லாததில்தான் அது இருந்தது.

மேயருக்கு மேலே இருந்தவர் யார் என்பதையும் பெயரோடு சொல்ல வேண்டும். 1969 முதல் 1988 வரை பிராக் நகரக் கட்சிக் குழுவின் தலைமைச் செயலாளர் அன்டோனின் காபெக். சிகேடி தொழிற்சாலையின் இயக்குநராக இருந்து வந்தவர். கட்சியின் உச்ச அமைப்பான தலைமைக் குழுவின் உறுப்பினர். 1968இல் சோவியத் தலைவர் பிரெஷ்னெவுக்கு ‘தலையிட்டு உதவுங்கள்’ என்று ரகசியக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். ஸூஸ்காவும் ஷ்டாஃபாவும் பதவியில் இருந்த ஆண்டுகளில் நகரின் பெரிய முடிவுகள் அவரைத் தாண்டிப் போக முடியாது. நகரத்தின் பணமும் நகரத்தினுடையது அல்ல. ஐந்தாண்டுத் திட்டத்தில் எவ்வளவு சிமெண்ட், எத்தனை வீடு என்று அரசு ஒதுக்கியதே வரவுசெலவு. மேயரின் திறமை அந்த ஒதுக்கீட்டைப் பெரிதாக்கிக்கொள்வதில் இருந்தது. ஸூஸ்காவின் காலத்தில் சுரங்க ரயிலும் குடிநீரும் இவ்வளவு விரைவாக வந்ததற்குத் தலைநகரைக் காட்சிப்பொருளாக்க ஆட்சி விரும்பியது பெரிய காரணம். அந்த அளவுக்குப் பணம் மற்ற செக் நகரங்களுக்குக் கிடைக்கவில்லை.

1988இல் ஸ்தெனெக் ஹோர்ச்சீக் மேயரானார். அதே ஆண்டில் காபெக்கின் இடத்துக்கு மிரோஸ்லாவ் ஷ்டெபான் வந்தார். 1989 ஜனவரியில் பலாஃக்கின் நினைவு நாளை ஒட்டிக் கூடியவர்களை ஒரு வாரம் முழுக்கத் தண்ணீர்ப் பீரங்கியாலும் தடியாலும் கலைத்தார்கள். நவம்பர் 17 அன்று நரோத்னி தெருவில் மாணவர்கள் தாக்கப்பட்டதும் ஆட்சி சரியத் தொடங்கியது. டிசம்பரில் ஹோர்ச்சீக் பதவியிழந்தார். ஷ்டெபான் 1990இல், 1988 அக்டோபர் ஆர்ப்பாட்டத்தை ஒடுக்கியதற்காகச் சிறைத்தண்டனை பெற்றார். காபெக் 1990 மே மாதத்தில் தற்கொலை செய்துகொண்டார். இங்கேயும் கணக்குக் கேட்கப்பட்டது கட்சிச் செயலாளர்களிடம்தான். முன்னாள் மேயர்களைப் பொதுமக்கள் விரைவிலேயே மறந்துபோனார்கள்.

1990 பிப்ரவரியில் சுரங்க ரயிலின் லெனினோவா நிலையம் தேய்விட்ஸ்கா ஆனது, கோட்வால்டோவா நிலையம் விஷெஹ்ராத் ஆனது. அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று பல கட்சிகள் போட்டியிட்ட உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேசியக் குழுக்கள் என்ற அமைப்பு அந்த நாளோடு சட்டப்படி முடிவுக்கு வந்தது. சொந்தச் சொத்தும் சொந்த வரவுசெலவும் உடைய நகராட்சிகள் அவற்றின் இடத்தில் அமைந்தன.